உயிர் காலேஜில் எடுத்த புலிப்படம்

பழைய சென்னைக்காரர்கள் பேச்சில் இரண்டு காலேஜ்கள் உண்டு. எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கும் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. சென்ட்ரலுக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த மிருகக்காட்சிச் சாலை 'உயிர் காலேஜ்'. ஒன்றில் பாடம் செய்து வைத்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும். மற்றதில் மூச்சு விடும் விலங்குகள். பெயர் வைத்தவர் யாரோ, பார்க்கப் போவதும் படிக்கப் போவதும் ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

புகைப்படம் இந்த இரண்டு காலேஜுக்கும் நடுவில் நிற்கிறது. உயிரோடு இருக்கும் புலியை அது அசையாத புலியாக்கி வீட்டுக்கு அனுப்புகிறது. ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி வண்டலூரில் இறங்கும் குடும்பம், சாயங்காலம் திரும்பும்போது கைப்பேசியில் ஒரு புலியையாவது கொண்டுவராமல் இருப்பதில்லை. அந்தப் படம் எதற்குச் சான்று? புலி என்ற இனத்துக்கா, அங்கே இருக்கும் அந்த ஒரு புலிக்கா, அதை அடைத்து வைத்திருக்கும் நமக்கா? புகைப்படக் கலை பிறந்த காலத்திலிருந்தே இந்தக் கேள்விக்குப் பலர் பதில் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பதிலும் முழுசாக நிற்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கணிப்பு. ஆனால் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இடறுகிறது என்று பார்ப்பதில் பயன் உண்டு.

பதிவு என்ற முதல் பதில்

சென்னையில் மிருகக்காட்சிச் சாலையும் புகைப்படமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வேர்விட்டவை. அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர், உயிருள்ள விலங்குகளை வைத்தால் பார்க்க வருகிறவர்கள் பெருகுவார்கள் என்று கண்டுகொண்டவர். கர்நாடக நவாபிடம் இருந்த விலங்குகளைக் கேட்டு வாங்கி, 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு காட்சிச் சாலையைத் தொடங்கினார். ஓராண்டுக்குள் அங்கே 300க்கு மேற்பட்ட விலங்குகள் சேர்ந்தன. ஆக, செத்த காலேஜும் உயிர் காலேஜும் முதலில் ஒரே மதிலுக்குள்தான் இருந்தன. 1861இல் விலங்குகள் சென்ட்ரலுக்குப் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. புகைப்படத்தின் பக்கம் பார்த்தால், 1856இல் லின்னேயஸ் ட்ரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். அவர் கோயில்களையும் கோட்டைகளையும் எடுத்தார். அன்றைய கேமராவுக்கு அசையாத பொருள்தான் தோது.

விலங்கைப் படமெடுக்க வேண்டுமானால் அது தூங்க வேண்டும். 1852இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் காட்சிச் சாலையில் மான்டிசான் பிரபு எடுத்த நீர்யானைப் படம் இதற்குப் பேர்போன சாட்சி. முன்னால் நீர்யானை படுத்து உறங்குகிறது. பின்னால் கம்பிகளுக்கு அப்பால் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கேமரா விலங்கின் பக்கத்தில் இருப்பதால் அடைபட்டவர்கள் மனிதர்கள் போலத் தெரிகிறார்கள். அவர் வேண்டுமென்று செய்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் பின்னால் வந்த விவாதம் அத்தனையும் அந்த ஒரு படத்துக்குள் முளைவிட்டிருக்கிறது.

அந்தக் காலத்தவருக்கு இந்தப் படங்கள் பதிவுகள். அயல்நாட்டு விலங்கு எப்படி இருக்கும் என்று காட்டும் தாள்கள். இந்தப் பதிலைப் பழைய பதில் என்று ஒதுக்கிவிட முடியாது. குவாகா என்ற, பாதி உடம்பில் மட்டும் வரியுள்ள வரிக்குதிரை இன்று உலகில் இல்லை. உயிரோடு இருந்த குவாகாவின் படங்களாக மிஞ்சியவை லண்டன் காட்சிச் சாலையில் இருந்த ஒரே ஒரு பெண் விலங்கின் ஐந்து படங்கள்தான். டாஸ்மேனியாவில் வாழ்ந்து அழிந்துபோன தைலசீன் என்ற விலங்கில், அறியப்பட்ட கடைசி ஒன்று ஹோபார்ட் நகரக் காட்சிச் சாலையில் 1936 செப்டம்பர் 7 அன்று செத்தது. தைலசீன் கூண்டுக்குள் நடப்பதையும் வாய் பிளப்பதையும் 1933இல் டேவிட் ஃப்ளே படச்சுருளில் எடுத்து வைத்தார். இப்படிப்பட்ட சுருள்கள் இல்லாவிட்டால் அதன் நடை நமக்குத் தெரிந்தே இருக்காது. பெரும்பூனைகளிலும் இப்படி உண்டு. காஸ்பியன் புலி என்றதும் நினைவுக்கு வரும் படம் 1899இல் பெர்லின் காட்சிச் சாலையில் எடுத்தது. இந்தியாவிலோ சிவிங்கிப்புலியின் கடைசிப் பதிவாக எல்லோரும் காட்டுவது, 1947இல் கொரியா சமஸ்தான அரசர் சுட்டு வீழ்த்திய மூன்று உடல்களின் படம். கூண்டில் எடுத்த படமே மேல் என்று எண்ண வைக்கும் படம் அது.

பதிவு என்ற பதிலின் பலவீனம், எதைப் பதிவு செய்தோம் என்பதில் இருக்கிறது. சிங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். சர்க்கஸ்களிலும் காட்சிச் சாலைகளிலும் கிர் காட்டுச் சிங்கமும் ஆப்பிரிக்கச் சிங்கமும் கலந்து இனப்பெருக்கம் செய்யப்பட்டதால், இந்தியப் பூங்காக்களில் பல ஆண்டுகள் கலப்பினச் சிங்கங்களே மிகுந்திருந்தன. வண்டலூரும் விலக்கல்ல. 1998இல் புலி, சிங்கம், கரடி போன்றவற்றைச் சர்க்கஸில் ஆட்டுவிக்க மத்திய அரசு தடை விதித்து, அந்த விலங்குகள் மீட்பு மையங்களுக்கு வந்தபோது இந்தக் கலப்பு இன்னும் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் எடுத்து 'ஆசியச் சிங்கம்' என்று ஆல்பத்தில் எழுதி வைத்த படம், உண்மையில் எந்தக் காட்டிலும் இல்லாத ஒரு விலங்கின் படமாக இருக்கலாம். வெள்ளைப்புலியும் இப்படித்தான். 1951இல் ரீவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே புலியின் வழியில், பெரும்பாலும் நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கப்பட்ட வம்சம் அது. கூட்டம் அதிகமாகப் படமெடுப்பதும் அதைத்தான். இயற்கையின் பதிவு என்று நினைத்து எடுக்கிறோம். கையில் கிடைப்பது மனிதக் கைவேலையின் பதிவு.

சிங்கமே இல்லாத தமிழ்நாட்டில் பல்லவச் சிற்பிகள் தூண்தோறும் சிங்கம் செதுக்கினார்கள். சாளுவன்குப்பத்தில் யாளித் தலைகள் சூழ்ந்த குடைவரைக்குப் 'புலிக்குகை' என்று பெயர். பார்க்காமலே உருவம் செய்த ஊர் இது. பார்த்து எடுத்த படமும் ஒரு வகையில் செதுக்கல்தான் என்பதை இங்கே புரியவைப்பது சிரமமில்லை.

கம்பியை மறைக்கும் கைத்திறன்

காட்சிச் சாலையில் படமெடுக்கப் பழகியவர்களிடம் ஒரு கைத்திறன் உண்டு. கம்பி வலை இருந்தால் லென்ஸை வலையோடு ஒட்டவைத்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, நீண்ட குவியத் தூரம் வைத்து, விலங்கு வலையிலிருந்து தள்ளிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். வலை கரைந்துபோகும். கண்ணாடி இருந்தால் ரப்பர் ஹூடைக் கண்ணாடியில் அழுத்தி வைத்தால் பின்னாலிருக்கும் ஜனங்களின் பிம்பம் விழாது. கைப்பேசியில் எடுப்பவருக்கு இந்த வசதி குறைவு. அதன் ஃபோகஸ் முதலில் கம்பியைத்தான் பிடிக்கும். வெயில் ஏறிய பிறகு புலி நிழலில் படுத்துவிடும் என்பதால் காலையில் கூடம் திறந்து வெளியே விடும் நேரமும், சாயங்காலம் இரவு அறைக்குத் திரும்பும் நேரமுமே நல்ல நேரம். அறைக்கு உள்ளே தீனி காத்திருக்கும். அப்போது அதன் நடையில் ஒரு வேகம் வரும்.

இந்தக் கைத்திறன் எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றே: இது காட்சிச் சாலை என்று தெரியக் கூடாது. ஆனால் இந்த மறைப்பைப் புகைப்படக்காரர் தொடங்கவில்லை. காட்சிச் சாலையே அதைத் தொடங்கி வைத்திருக்கிறது. 1907இல் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் கார்ல் ஹேகன்பெக் திறந்த பூங்காவில் கம்பிக்குப் பதில் அகழி வந்தது. பார்வையாளர் கண்ணுக்குச் சிங்கம் பாறைமேல் சுதந்திரமாக நிற்கும். நடுவில் இருக்கும் பள்ளம் தெரியாது. 1985 ஜூலை 24 அன்று முதல்வர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்த வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இந்த வழியில் வந்தது. பீப்பிள்ஸ் பார்க்கின் நெருக்கடியான கூண்டுகளிலிருந்து, இன்று சுமார் 600 ஹெக்டேர் அளவுள்ள காட்டுப் பரப்புக்கு விலங்குகள் மாறின. இது விலங்குக்கு நன்மை, அதில் ஐயமில்லை. கூடவே, படத்துக்கும் வசதி. அகழி பாதி மறைத்ததை லென்ஸ் மீதியும் மறைத்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு காட்சியைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். அடைப்பிடத்தின் ஓரமாகப் புலி நடக்கிறது. ஒரு மரம், ஒரு திருப்பம், சுவர் ஓரம், மறுபடி அதே மரம். கால் பட்டுப் பட்டு அந்த வழியில் புல் அற்றுப்போய் மண் தடம் விழுந்திருக்கிறது. திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் அதே கால், அதே தலைத் திருப்பம். விலங்கியலில் இதைத் 'திரும்பத் திரும்பச் செய்யும் இயல்பற்ற நடத்தை' என்கிறார்கள். ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் 2003இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, காட்டில் பெரும்பரப்பில் திரியும் ஊனுண்ணிகளிடம்தான் அடைபட்ட நிலையில் இந்த நடை அதிகம் என்று காட்டியது.

படமெடுப்பவருக்கு இந்த நடை ஒரு வரம். புலி எந்த நொடியில் எந்த இடத்துக்கு வரும் என்று கணக்காகத் தெரியும். அந்த இடத்தில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் போதும். நேருக்கு நேர் வரும், முன்கால் தூக்கியிருக்கும், தோள் எலும்பு எழும்பியிருக்கும். வேட்டைக்குக் கிளம்பிய புலி என்று யாரும் நம்பக்கூடிய படம் கிடைக்கும். கம்பீரமாகத் தெரிவதே அந்த விலங்கின் தவிப்பு. வீடியோவாக எடுத்தால் ஐந்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும் இந்த உண்மையைத் தனிப்படம் எவ்வளவு நேர்மையாக எடுத்தாலும் சொல்லாது. கூண்டுப் படங்களைப் பற்றிய விவாதங்களில் கம்பி தெரிகிறதா இல்லையா என்று நிறையப் பேசுகிறார்கள். கம்பியை விடப் பெரிதாக மறைந்துபோவது நேரம் என்று இக்கட்டுரை கருதுகிறது.

மயிலாப்பூரிலிருந்து எழுந்த கறார்

இரண்டாவது பெரிய பதில்: அடைபட்ட விலங்கின் படம் கானுயிர்ப் படமே ஆகாது. இந்தக் கறாருக்குத் தமிழ்நாட்டில் ஒரு முகவரி உண்டென்றால் அது மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலை. இன்றைய ராதாகிருஷ்ணன் சாலை. மா. கிருஷ்ணன் அங்கேதான் வாழ்ந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். 1950 முதல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். தமிழில் அவர் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தார். கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் மட்டும் படமெடுத்தார். முதுமலை போன்ற காடுகளில் யானைமேல் ஏறியும் நடந்தும் போய், பல கேமராக்களின் பாகங்களை ஒட்டித் தாமே சேர்த்த கருவியால் எடுத்தார். 1968இல் கிடைத்த நேரு நிதிநல்கையில் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தபோதும் படம் அவருக்குக் குறிப்பேட்டின் ஒரு பக்கம்தான். விலங்கு தன் இடத்தில், தன் போக்கில் என்ன செய்கிறது என்பதற்கான சான்று. அழகு வந்தால் வரட்டும்.

அவருக்கு முன்பே 1920களில் வடக்கே வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் இரவில் புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, புலியே தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தார். அந்தப் படங்களோடு அவர் எழுதிய நூல் 1927இல் வந்தது. துப்பாக்கிக்குப் பதில் கேமரா என்ற கொள்கை இந்தியாவில் இப்படி வளர்ந்தது. கூண்டுப் படத்தை இழிவாகப் பார்க்கும் மனப்பாங்கும் அதோடு சேர்ந்தே வளர்ந்தது. சிரமப்படாமல் கிடைத்தது படமா என்ற வேட்டைக்காரப் பெருமிதமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று சொல்லலாம். கிருஷ்ணனிடம் அது இல்லை. அவர் அக்கறை சான்றைப் பற்றியது.

இன்று உலகப் புகைப்பட அமைப்புகள் இந்தக் கறாரை விதியாக்கிவிட்டன. 'கானுயிர்' பிரிவில் சேர வேண்டுமானால் விலங்கு கட்டுப்பாடின்றித் தன் வாழிடத்தில் இருக்க வேண்டும். காட்சிச் சாலை விலங்கு கூடாது என்று 2014இல் பெரிய சங்கங்கள் ஒன்றுகூடி வரையறுத்தன. விதி மீறினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் போட்டி இரண்டு பாடங்களைத் தந்திருக்கிறது. வேலி தாண்டும் ஓநாயின் படத்துக்கு 2009இல் தந்த பரிசு, ஓநாய் பழக்கப்பட்டதாக இருக்கக்கூடும் என்று தெரிந்து 2010இல் பறிக்கப்பட்டது. 2018இல் இன்னொரு பரிசும் போயிற்று. அந்தப் படத்தில் இருந்த எறும்புண்ணி பாடம் செய்து வைத்ததாகவே இருக்க வேண்டும் என்று அருங்காட்சியகம் முடிவு செய்தது. செத்த காலேஜ் விலங்கு உயிர் காலேஜைக்கூடத் தாண்டிக் காட்டுக்குள் போய் நின்ற கதை.

இந்தக் கறார் ஒரு கோடு போடுகிறது. ஆனால் கோட்டின் இருபுறமும் மண் ஒரே மாதிரி இல்லை. ஜீப்புகள் சூழ்ந்து நிற்க, அவற்றைக் கண்டுகொள்ளாமல் படுத்திருக்கும் சரணாலயப் புலி எவ்வளவு தூரம் கட்டுப்பாடற்றது? விலங்கு மனிதனைக் கண்டு விலகி ஓடும் தூரத்தைப் பற்றி எழுதிய சுவிஸ் காட்சிச் சாலை இயக்குநர் ஹைனி ஹெடிகர், அடைபட்ட நிலையில் அந்தத் தூரம் சுருங்கிவிடும் என்று விளக்கினார். சுற்றுலாக் காடுகளிலும் அது சுருங்கியிருக்கிறது. நீலகிரியில் 2021இல் நடந்தது இன்னும் கடினமான கேள்வியைக் கேட்கிறது. கூடலூர், மசினகுடிப் பகுதியில் மாடுகளையும் மனிதர்களையும் கொன்றதாகத் தேடப்பட்ட டி-23 என்ற புலி அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடிபட்டு மைசூரு மீட்பு மையத்துக்குப் போனது. அதன் உடல் வரிகளை அடையாளம் கண்டது காட்டில் வைத்த கேமராக்கள். அக்டோபர் 14 வரை அது கானுயிர். மறுநாளிலிருந்து அதன் படம் போட்டிக்கு ஆகாது. வரிகள் மாறவில்லை. கோடு அவசியம்தான், இல்லாவிட்டால் ஏமாற்று பெருகும். புலியின் வாழ்க்கையைப் பற்றி அந்தக் கோடு அதிகம் சொல்லிவிடுவதில்லை.

குற்றம் சாட்டும் படம்

மூன்றாவது பதில் மேற்கே எழுந்தது. கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் 1970களின் இறுதியில் எழுதிய கட்டுரையில், விலங்குகள் மனித வாழ்விலிருந்து மறைந்துபோன பிறகே காட்சிச் சாலைகள் பெருகின என்றும், அங்கே பார்க்க வருபவருக்கு விலங்கின் பார்வை திரும்பக் கிடைப்பதில்லை என்றும் வாதிட்டார். கம்பிக்கு முன் நின்று அடுத்ததுக்கு நகர்வது ஓவியக் கூடத்தில் சட்டத்துக்குச் சட்டம் நகர்வது போன்றது என்பது அவர் பார்வை. புகைப்படக்காரர்களில் இதற்கு நெருக்கமானவர் கேரி வினோகிராண்ட். 1969இல் வந்த அவருடைய 'தி அனிமல்ஸ்' நூலில் நியூயார்க் காட்சிச் சாலைகளின் விலங்குகளும் ஜனங்களும் ஒரே சட்டத்தில் சிக்கி நிற்கிறார்கள். 2017இல் ஜோ-ஆன் மக்ஆர்தர் வெளியிட்ட 'கேப்டிவ்' நூல் வெளிப்படையாகவே குற்றச்சாட்டு. இவர்கள் கம்பியை மறைப்பதில்லை, கம்பிதான் படம்.

இந்தப் படங்கள் மனதை உறுத்துகின்றன. ஆனால் பெர்ஜரின் வாதத்தை மயிலாப்பூரிலும் கூடலூரிலும் நின்று படித்தால் ஒரு ஓட்டை தெரியும். விலங்குகள் மறைந்துபோன சமூகம் என்பது அவருடைய ஐரோப்பா. தமிழ்நாட்டில் 2022 கணக்கெடுப்பின்படி 306 புலிகள் இருக்கின்றன. அவற்றோடு எல்லை பகிர்ந்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புலி நினைவுச் சின்னமாகிவிடவில்லை, மாட்டுக்கொட்டகையின் கவலை. அடையாற்றுக் குழந்தைக்கும் மசினகுடிக் குழந்தைக்கும் 'புலியைப் பார்த்தேன்' என்ற சொற்களுக்கு ஒரே பொருள் இல்லை. ஒரே நாட்டுக்குள் இருக்கும் இந்த வித்தியாசத்தைக் குற்றம் சாட்டும் படம் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு இன்னொரு குறையும் உண்டு: நன்றாகப் பராமரிக்கப்படும் விலங்கையும் சோர்ந்த முகத்தோடு ஒரு நொடியில் பிடித்துவிடலாம். கம்பீரத்தைப் போலவே சோகத்தையும் ஷட்டர் தயாரித்துத் தரும்.

பார்த்தால் பற்று வருமா?

நான்காவது பதில்தான் இன்று பூங்காக்கள் சொல்வது: படம் பரவினால் விலங்கின்மேல் பற்று வரும், பற்று வந்தால் காடு பிழைக்கும். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜோயல் சார்ட்டோரே 2006இல் தொடங்கிய 'ஃபோட்டோ ஆர்க்' திட்டம் இந்த நம்பிக்கையின் மிகச் சிறந்த வடிவம். காட்சிச் சாலைகளில் இருக்கும் ஆயிரக்கணக்கான இனங்களை வெறும் கறுப்பு அல்லது வெள்ளைப் பின்னணியில் எடுக்கிறார். அதில் காடும் இல்லை, கூண்டும் இல்லை. எலியும் புலியும் ஒரே அளவில் நம்மை நேராகப் பார்க்கின்றன. கம்பியை மறைக்கிற ஏமாற்று இதில் இல்லை, ஏனென்றால் காடு என்ற பாவனையே இல்லை. இக்கட்டுரை பார்த்தவரை கூண்டுப் படத்துக்கு மிக நேர்மையான அழகு தந்தவர் அவர்தான்.

ஆனால் எல்லாப் படமும் பற்றை வளர்ப்பதில்லை. 2011இல் ஸ்டீபன் ராஸ் குழுவினர் சிம்பன்சிப் படங்களை வைத்துச் செய்த ஆய்வில், பக்கத்தில் மனிதர் நிற்கும் படத்தைப் பார்த்தவர்கள் காட்டில் அந்த இனம் நலமாக இருப்பதாக நினைக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரியவந்தது. புலிக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அச்சத்துக்கு இடமுண்டு. தாய்லாந்தில் புலிக் கோயில் என்று பெயர்பெற்ற மடத்தில் புலியோடு கட்டிப்பிடித்து எடுத்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. 2016இல் அரசு புகுந்தபோது அங்கிருந்து 137 புலிகள் அகற்றப்பட்டன. உறைபெட்டியில் குட்டிகளின் உடல்கள் கிடந்தன. பற்று என்ற பெயரில் படம் என்ன வேலை செய்ய முடியும் என்பதற்கு அது எல்லை உதாரணம்.

வண்டலூரில் அப்படி எதுவும் இல்லை. இங்கே உள்ள தொல்லை சின்னது, தினசரி நடப்பது. படுத்திருக்கும் புலியை எழுப்ப விசில் அடிப்பது, கை தட்டுவது, 'ஏய்' என்று கூப்பிடுவது, கண்ணாடியைத் தட்டுவது. கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு காட்சிச் சாலையில் விலங்கைச் சீண்டுவதையும் சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதையும் தடை செய்கிறது. அந்த விசிலுக்குக் காரணம் பெரும்பாலும் வன்மம் அன்று. தூங்கும் புலியின் படம் யாருக்கும் வேண்டாம் என்பதுதான். நாளின் பெரும்பகுதியைத் தூக்கத்தில் கழிப்பது பெரும்பூனையின் இயல்பு என்பதை நாம் ஒப்புக்கொள்ளாதவரை அறிவிப்புப் பலகை எத்தனை வைத்தும் பலன் குறைவு.

யாரும் எடுக்காத படங்கள்

இந்த விவாதத்தின் தரையே இப்போது நகர்ந்துவிட்டது. 2018 இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் வைக்கப்பட்டன. 3 கோடியே 48 லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் பதிவாயின. அவற்றில் 76,651 புலிப் படங்கள். ஒன்றைக்கூட மனிதக் கை அழுத்தவில்லை. அந்தப் படங்களில் அழகு தற்செயல். வால் மட்டும் விழுந்தது, பாதி உடல் விழுந்தது, மூக்கு லென்ஸை மோப்பம் பிடித்தது. ஆனால் விலாவின் வரிகள் தெளிவாக இருந்தால் அது இன்ன புலி என்று சொல்லிவிட முடியும். நாகரஹொளேயில் உயிரியலாளர் உல்லாஸ் கரந்த் 1990களில் வளர்த்தெடுத்த முறை இது.

இதில் ஒரு தலைகீழ் இருக்கிறது. காட்டுப் புலிக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. ஆனால் அதன் படம் ஒவ்வொன்றும் ஒரு தனி உயிரைக் குறிக்கிறது, எண்ணோடு, இடத்தோடு, தேதியோடு. காட்சிச் சாலைப் புலிக்குப் பெயர் உண்டு, பிறந்த நாள் உண்டு, பெற்றோர் விவரம் பதிந்த ஏடு உண்டு. அதன் படமோ 'புலி' என்று மட்டும் சொல்கிறது. லட்சக்கணக்கான கைப்பேசிகளில் இருப்பது யாருடைய படம் என்று எடுத்தவருக்கே தெரியாது. 2021 ஜூனில் வண்டலூர்ச் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றியபோதுதான் நகரம் நீலா என்ற பெயரைக் கேட்டது. ஒன்பது வயதுப் பெண் சிங்கம். ஜூன் 3 அன்று செத்தது. சில நாளில் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் போயிற்று. அவற்றைப் படமெடுத்த எத்தனையோ பேர், தங்களிடம் இருப்பது அந்தச் சிங்கத்தின் படம் என்று அறியாமலே செய்தியைப் படித்திருப்பார்கள்.

தீராமல் நிற்பவை

இதுவரை வந்த பதில்களில் எதுவும் மற்றதை வீழ்த்திவிடவில்லை. பதிவு என்ற பதில், அழிந்துபோன இனங்களின் முன் இன்னும் வலுவாக நிற்கிறது. கறாரான பதில் போட்டிகளுக்குப் போதும், வாழ்க்கைக்குப் போதாது. குற்றம் சாட்டும் படம் தன் நொடியைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. பற்று பற்றிய பதிலுக்கு நம்பிக்கை இருக்கும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை. அதுவும் தமிழ்நாட்டுப் பார்வையாளரை வைத்துச் செய்ய வேண்டிய வேலை மிச்சம் இருக்கிறது. கணினி இப்போது இல்லாத புலியையும் அசல் போல வரைந்து தரும் நிலையில், அகழியும் இரவு அறைக் கதவும் தெரியும் அசிங்கமான படத்துக்கு ஒரு சான்று மதிப்பு திரும்பி வரக்கூடும். அதையும் உறுதியாகச் சொல்லக் காலம் ஆகவில்லை.

செய்யக்கூடிய ஒரு காரியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1861 முதல் 1985 வரை உயிர் காலேஜ் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. அந்த 124 ஆண்டுகளின் கடைசிப் பாதியிலாவது தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாற்று வீடுகளின் ஆல்பங்களில் கூண்டுக்கு முன் எடுத்த படங்கள் சேர்ந்திருக்கும். முன்னால் பட்டுப்பாவாடைச் சிறுமி, பின்னால் மங்கலாக ஒரு சிங்கம். எடுத்தவர் சிறுமியைத்தான் எடுத்தார். ஆனால் அந்த மங்கலுக்குள் கூண்டின் அளவு இருக்கிறது, தரை சிமென்டா மண்ணா என்பது இருக்கிறது, சிங்கத்தின் பிடரி எவ்வளவு தூரம் இறங்குகிறது, வயிற்றடித் தோல் மடிப்பு உண்டா என்பது இருக்கிறது. ஆசியச் சிங்கமா, கலப்பா என்று தேடுபவர் முதலில் பார்க்கும் அடையாளங்கள் அவை. தேதியோடு அவற்றைத் திரட்டினால், இந்த நகரம் தன் பெரும்பூனைகளை எப்படி வைத்திருந்தது என்பதற்கு அரசுக் கோப்புகள் சொல்லாத ஒரு சாட்சி கிடைக்கும்.